பெயர் உள்ளே, பிள்ளை வெளியே!

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகளிலே, எந்தச் சட்டமும் விதிக்காத, எந்தச் சுற்றறிக்கையும் அறிவிக்காத, எந்தப் பதிவேட்டிலும் பொறிக்கப்படாத ஒரு தண்டனை வழக்கில் இருந்து வருகின்றது. அதற்கு ஆளாவோர் குற்றம் இழைத்தவர் அல்லர். தமக்கு நேர்ந்ததை எடுத்துரைக்கவும் இயலாத குழந்தைகள். ஓட்டிசம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளைகளை, "இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கோ" என்று சொல்லித் தாயின் கையில் ஒப்படைத்து, வாயிற் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்தையே நாம் குறிப்பிடுகின்றோம்.

இது நடைபெறும் முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடலாம்; போக்கு ஒன்றேதான். பிள்ளை முதலாந் தரத்திற் சேர்க்கப்படுகின்றது. வரவுப் பதிவேட்டிற் பெயர் ஏறுகின்றது. இரண்டொரு வாரம் செல்வதற்குள், வகுப்பில் அமர்ந்திருக்க மாட்டாது எழுந்து ஓடுகின்றது. மணியோசை கேட்டதும் இரு காதையும் பொத்திக்கொண்டு அலறுகின்றது. காலைப் பிரார்த்தனை வரிசையில் நிற்க மறுக்கின்றது. அருகிருந்த பிள்ளையைத் தள்ளிவிடுகின்றது. காலை பத்து மணிக்குத் தாய்க்குத் தொலைபேசி அழைப்பு வருகின்றது. மறுநாளும் வருகின்றது. பின்னர், "இடைவேளை வரைக்கும் விட்டாற் போதும்" என்ற யோசனை பிறக்கின்றது. பின்னர், "கிழமையில் இரண்டு நாள் வரட்டும்" என்கின்றனர். பரீட்சைக் காலத்தில் வேண்டாம். பரிசளிப்பு விழா அன்று வேண்டாம். வலயக் கல்விப் பணிப்பாளர் வரும் நாளில் வேண்டவே வேண்டாம். ஈற்றில், "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம்" என்ற சொல்லோடு கதை முடிகின்றது.

இவை யாவும் வாய்ச்சொற்கள் என்பதை வாசகர் கருத்திற் கொள்ளவேண்டும். ஒரு துண்டுக் கடிதந்தானும் கொடுக்கப்படுவதில்லை. "உங்கள் பிள்ளையை நீக்கிவிட்டோம்" என்று எவரும் சொல்வதில்லை. பெயர் பதிவேட்டில் இருந்தவாறே இருக்கின்றது. வரவு கூறும்போது அப்பெயருக்கு நேரே "வரவில்லை" என்ற குறி விழுகின்றது. வராது செய்தவர்கள் யார் என்பதைக் குறிக்கப் பதிவேட்டில் இடம் இல்லை. பெயர் உள்ளே; பிள்ளை வெளியே! மாகாணக் கல்வித் திணைக்களம் கணக்கெடுத்தால் அப்பிள்ளை பாடசாலையில் இருக்கின்றது. அயலவர் எட்டிப் பார்த்தால் அது வீட்டு விறாந்தையில் இருக்கின்றது.

இந்த வழக்கத்தின் வலிமை முழுவதும் அது எழுத்தில் இல்லாமையிலேயே தங்கியிருக்கின்றது. கட்டளை எழுத்தில் இருந்தால், அதனைக் காட்டி மேலிடத்தில் முறையிடலாம். நீதிமன்றத்திற் கேள்வி கேட்கலாம். குறைந்தபட்சம், இன்ன நாளில், இன்ன காரணத்துக்காக, இன்னார் இதைச் செய்தார் என்றாவது நிறுவலாம். வாய்ச்சொல்லுக்கு எதிராக யாரிடம் மேன்முறையீடு செய்வது? கடும் ஒழுக்கக் கேட்டுக்காக ஒரு மாணவனைப் பாடசாலையிலிருந்து நீக்குவதாயின், விசாரணை செய்யவேண்டும், அவன் சொல்வதைக் கேட்கவேண்டும், தீர்ப்பை எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது எவரும் ஒப்பும் முறை. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரிய இந்த மரியாதைகூட, குற்றமே அறியாத பிள்ளைக்கு இல்லையென்றால், இதை ஒழுங்கென்பதா, ஒழுங்கின்மை என்பதா?

ஓட்டிசம் என்பது யாது? 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை மூலம் இந்நிலை மருத்துவ உலகில் தனிப்பெயர் பெற்றது. அதன் பின்னர் பல ஆண்டுகள் தாய்மார் மீது பழி சுமத்தப்பட்டது. தாயின் அன்பு குளிர்ந்துபோனமையாலேயே பிள்ளை தன்னுள் ஒடுங்கியது என்ற கொள்கையைப் புறூணோ பெற்றல்ஹைம் போன்றோர் 1967 அளவில் பரப்பினர். 1977இல் சூசன் போல்ஸ்ரின், மைக்கல் றற்றர் ஆகியோர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இந்நிலையிற் பிறப்புவழிக் கூறு வலிது என்று காட்டினர். அன்றிலிருந்து தாயைப் பழிக்கும் கொள்கை அறிவுலகில் நிலைகுலைந்தது. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு அது என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிபு. ஆனால், அறிவுலகம் கைவிட்ட அப்பழி எம்மூர்ப் பாடசாலை வாயிலில் இன்னும் சாகவில்லை. "வளர்ப்புச் சரியில்லை", "செல்லம் கூடிப்போச்சு", "தொலைபேசியைக் கையில் குடுத்தால் இப்படித்தான்" என்று பத்து மணிக்கு ஓடிவந்து நிற்கும் தாயிடம் சொல்லப்படும் சொற்கள் அதன் எச்சமே.

இப்பிள்ளைகளின் நடத்தையென்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு பேச்சு. வாயாற் சொல்லமுடியாததை உடல் சொல்கின்றது. எமக்குச் சாதாரணமாகப் படும் மணியோசை அப்பிள்ளையின் காதில் இடியாக விழலாம். நாற்பது பேரின் இரைச்சலும், தகரக் கூரையின் வெக்கையும், திடீரென மாறும் நேரசூசியும் தாங்கவொண்ணாத துன்பமாகலாம். முதலாம் பாடம் தமிழ் என்று எதிர்பார்த்து அமர்ந்த பிள்ளைக்கு, ஆசிரியர் விடுமுறையில் நிற்பதால் வேறு வகுப்புக்குப் போ என்று சொன்னால், அதன் உலகமே தலைகீழாகின்றது. அவ்வேளை அது அலறுகின்றதாயின், அடம்பிடிக்கின்றது என்று கொள்வது அறியாமை. பல் நோவால் அழும் பிள்ளையைச் சத்தம் போட்டதற்காகத் தண்டிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

வீட்டுக்கு அனுப்புவதாற் பிள்ளை திருந்தும் என்று எண்ணுவோர் இன்னொன்றையும் சிந்திக்கவேண்டும். வகுப்பறை தாங்கமுடியாத இடமாக இருக்கின்றது. அலறினால், அல்லது ஒருவரைத் தள்ளினால், அம்மா வருவார், வீட்டுக்குப் போகலாம் என்பதைப் பிள்ளை மூன்றாம் நாளே கற்றுக்கொள்கின்றது. நான்காம் நாள் இன்னும் விரைவாக அலறுகின்றது. பாடசாலை அப்பிள்ளைக்குச் செவ்வையாகக் கற்பித்து முடித்த பாடம் அது ஒன்றுதான்! பின்னர், "நாளுக்கு நாள் கூடுகின்றது, எங்களால் ஏலாது" என்று அதே பாடசாலை முறையிடுகின்றது. தான் மூட்டிய நெருப்புக்குத் தானே சாட்சி சொல்லும் விந்தை இது.

இத்தகைய பிள்ளைகள் அரிதினும் அரிது, அவர்களுக்காக ஊரையே மாற்றமுடியுமா என்று சிலர் கேட்கலாம். தென்னிலங்கையின் அரைநகரச் சூழலொன்றில், 18 மாதம் முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்து, மருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடன் ஆய்வாளரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை என்ற விகிதத்தில் இந்நிலையைக் கண்டது. சிறிய ஆய்வு, அதன் எண்ணை அப்படியே குடாநாட்டின் மீது ஏற்றிக் கூறுவது முறையாகாது. ஆயினும், ஏறக்குறைய அவ்வளவினர் இங்கும் இருப்பரென்று கொண்டால், தொள்ளாயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையொன்றில் ஒன்பது பத்துப் பேராவது இருக்கவேண்டும். உங்கள் ஊர்ப் பாடசாலையில் அவர்களைக் கண்டீர்களா? காணவில்லையென்றால், எங்கே அவர்கள்?

சட்டம் என்ன சொல்கின்றது என்பதைப் பார்ப்போம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் பாடசாலை செல்வதைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயது வரை உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டிய கடமையைச் சட்டம் பெற்றார் மீது சுமத்துகின்றது. அவர்கள் அனுப்புகின்றார்கள், பாடசாலை திருப்பி அனுப்புகின்றது! அனுப்பாத தாயைக் கேள்வி கேட்கும் அரசாங்கம், திருப்பி அனுப்பும் பாடசாலையைக் கேள்வி கேட்கவேண்டாமா?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலாலோ உளத்தாலோ இயலாமை உடையோரின் உரிமைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்டது. இயலாமையைக் காரணமாகக் கொண்டு எந்தக் கல்வி நிலையத்திலும் அனுமதியில் எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது என்று அதன் 23ஆம் பிரிவு கூறுகின்றது. மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தை நாடவும் வழி உண்டு. ஆனால், "அனுமதி" என்ற அந்த ஒரு சொல்லின் பின்னாலேதான் இன்றைய வழக்கம் ஒளிந்துகொள்கின்றது. "நாங்கள் அனுமதி மறுக்கவில்லையே, பெயர் பதிவில் இருக்கின்றதே" என்று அதிபர் பதில் சொல்லலாம். பெயருக்கு அனுமதி கொடுத்துப் பிள்ளைக்கு மறுப்பதைச் சட்டம் எண்ணியிருக்க மாட்டாது. எனினும், மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, இயலாமை காரணமாக எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கலாகாது என்றும், பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஒழுங்குகளைச் செய்துகொடுக்கவேண்டும் என்றும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. கொழும்பு கையெழுத்திட்டது கொடிகாமத்துக்கும் காரைநகருக்கும் பொருந்தாதா?

அயல்வீட்டுப் பெற்றாரின் எதிர்ப்பைக் காட்டிப் பிள்ளையை விலக்குவது இந்நாட்டில் நீதிமன்றம் வரை சென்ற செய்திதான். குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. நோய் உண்டென்ற வதந்தி பரவியதும், ஏனைய பெற்றார் கிளர்ந்தெழ, அவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2016 ஏப்பிரலில், இத்தகையோரின் கல்வி உரிமையை மதித்துக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டென்பதை நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஊரார் அஞ்சினர் என்பது ஒரு பிள்ளையின் கல்வியைப் பறிக்கப் போதிய நியாயமாகாது என்பதே அதன் படிப்பினை.

எம் உறவினர் பல்லாயிரவர் குடியேறி வாழும் நாடுகளின் வரலாறும் எமக்குப் பாடம் புகட்டும். அந்நாடுகளும் பிறக்கும்போதே நீதியோடு பிறக்கவில்லை. அமெரிக்காவில் பத்து இலட்சம் பிள்ளைகள் இயலாமை காரணமாகப் பொதுப் பாடசாலைகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டிருந்தனர் என்று 1975இல் அந்நாட்டுப் பேரவையே ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு புதிய சட்டம் இயற்றியது. அதன் பின்னும் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பாடசாலை நிருவாகம், நடத்தையைக் காரணங்காட்டி இரு மாணவரை வெளியேற்ற முனைந்தது. இயலாமையிலிருந்து எழும் நடத்தைக்காகப் பாடசாலை தன் விருப்பப்படி ஒரு பிள்ளையைக் காலவரையறையின்றி வெளியே நிறுத்த முடியாது என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் பாடசாலைகளுக்கு விடுத்துள்ள வழிகாட்டல் இன்னும் தெளிவானது. கோபம் ஆறட்டும் என்று சொல்லிப் பதிவு எதுவுமின்றிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சட்டவிரோதம். பெற்றார் சம்மதித்தாலும் சட்டவிரோதமே. "தாய் ஒத்துக்கொண்டுதானே கூட்டிப்போனார்" என்ற சமாதானம் அங்கே செல்லாது. அதிபரின் முன் நிற்கும் ஒரு தாயின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது.

பிறநாட்டுக்குப் போவானேன்? எம் சொந்த மண்ணின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். "இவர்களுக்குப் பாடசாலை எதற்கு?" என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்தில், பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கென்று எள்ளி நகைத்தவர் பலர். இன்று அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திகளே எம் பாடசாலைகளில் ஆசிரியைகளாகவும் அதிபர்களாகவும் வீற்றிருக்கின்றனர். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளும் ஏனையோரோடு சரியாசனத்தில் அமரவேண்டும் என்ற உத்தரவு பிறந்தபோது, அதைப் பொறுக்கமாட்டாது பாடசாலைக் கட்டடங்களுக்குத் தீ வைத்தவர்கள் வேற்று இனத்தவர் அல்லர், எம்மவரே. எந்தப் பிள்ளைக்கும் சாதியின் பெயரால் பாடசாலை அனுமதி மறுப்பதைக் குற்றமாக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வேண்டியிருந்தது.

அன்றும் காரணங்கள் குறையவில்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றார் விரும்பமாட்டார்கள் என்றனர்; வகுப்பின் ஒழுங்கு கெடும் என்றனர்; அவர்களுக்கென்று வேறு பாடசாலை இருக்கட்டும் என்றனர்; காலம் கனியட்டும், பிறகு பார்ப்போம் என்றனர். இன்று ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தாயிடம் கூறப்படும் சொற்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்கள் வேறு, சொற்கள் வேறல்ல. அன்று அவ்வாறு பேசியவர்களின் பெயரைக் கேட்டாலே இன்று நாம் நாணுகின்றோம். நாளைய தலைமுறை எம்மைக் குறித்து நாணவேண்டுமா?

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, தகுதியுள்ள எம் பிள்ளைகளின் முன் கதவு சாத்தப்படுகின்றதென்று இக்குடாநாடு முழுவதும் கொதித்தெழுந்தது. அக்கொதிப்பு நியாயமானது. கல்வி மறுக்கப்படுவதன் கொடுமையை அறிந்த இனம் நாம் என்று உலக அரங்குகளில் இன்றும் சொல்கின்றோம். அந்த வாயாலேயே, எம் வயிற்றிற் பிறந்த ஆறு வயதுப் பிள்ளையை நோக்கி, "உனக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லலாமா? அயலான் செய்தால் அநீதி, நாமே செய்தால் நிருவாகமா?

ஆசிரியர்களை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒருவராய் நின்று மேய்க்கும் ஆசிரியையின் நிலையை நாம் அறிவோம். ஒரு பிள்ளை வாயிலை நோக்கி ஓடினால் அதன் பின்னே ஓடுவதா, முப்பத்தொன்பது பேரை விட்டுச் செல்வதா? வீதியில் ஏதேனும் நேர்ந்துவிட்டாற் பழி யார் தலையில்? கடிபட்ட கையோடு வகுப்பெடுத்த ஆசிரியைகளும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? துணைக்கு ஆள் கொடுத்தவர் யார்? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியையும், சாதாரண தரப் பெறுபேற்றையும் கொண்டே பாடசாலையை எடைபோடும் பணிப்பாளர்கள், அந்தப் பிள்ளைக்குச் செலவிட்ட அரைமணி நேரத்துக்கு ஏதேனும் மதிப்புக் கொடுத்ததுண்டா? கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்லும் அதிகாரிகளே இந்த வழக்கத்தின் முதற் பொறுப்பாளிகள். எனினும், ஆசிரியரின் சுமையைப் பிள்ளையின் முதுகில் இறக்கிவைப்பது தீர்வாகாது. அச்சுமை உண்மையானது என்றால், அதனை எழுத்தில் எழுதி மேலே அனுப்புவதே முறை.

ஏனைய பெற்றாரின் கவலையும் பொய்யன்று. தம் பிள்ளை அடிபட்டு வருவதை எவரும் விரும்பார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். அதற்கு வழி உண்டு. கதவருகிலோ யன்னலருகிலோ அல்லாது அமைதியான மூலையில் ஓர் இருக்கை. அன்றைய பாடங்களின் ஒழுங்கைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டிய ஒரு கடதாசி. மணி அடிக்குமுன் ஒரு சொல் முன்னறிவிப்பு. தாங்கமுடியாத வேளையில் ஐந்து நிமிடம் அமர ஒரு சிறிய அறை. பழகிய ஒரு பெரியவரின் துணை. இவற்றுக்குப் பெருமாளிகை வேண்டாம்; பொறுமையும் சிறு பயிற்சியும் போதும். எப்போது, எதன் பின், எந்த இடத்தில் பிள்ளை கலங்குகின்றது என்று இரண்டு வாரம் குறித்துவந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அலறிய பின் அடக்குவதினும், அலறுமுன் காரணத்தை நீக்குவது எளிது. மேலும், தம்மிலும் வேறான ஒருவனோடு ஒரே வாங்கில் அமர்ந்து வளரும் பிள்ளை, எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடமொன்றைப் படிக்கின்றது.

கைதடியில் நவீல்ட் பாடசாலை செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்குச் செய்துவரும் பணியையும், கோண்டாவிலிற் சிவபூமிப் பாடசாலை உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் செய்துவரும் தொண்டையும் நாம் மனமார வாழ்த்துகின்றோம். சிறப்பான துணை வேண்டிய பிள்ளைகளுக்கு அத்தகைய இடங்கள் வேண்டும். ஆனால், அவை இருக்கின்றன என்பதைச் சாட்டாக வைத்து, ஊர்ப் பாடசாலை தன் கதவைச் சாத்தலாகாது. எந்தப் பாடசாலை தன் பிள்ளைக்கு உகந்தது என்பதை, உரிய மருத்துவ ஆலோசனையோடு பெற்றார் தெரிவுசெய்யவேண்டும். வாயிலில் நின்று துரத்தியபின் எஞ்சியிருப்பதைத் தெரிவென்று சொல்வது கொடிய பரிகாசம். நெடுந்தீவிலும் மருதங்கேணியிலும் வாழும் ஓர் ஏழைத் தாய், நாள்தோறும் பிள்ளையைக் கோண்டாவிலுக்குக் கொண்டுவருவது எங்ஙனம்?

அந்தத் தாயின் நிலையைச் சிறிது நினைத்துப் பாருங்கள். எந்நேரமும் தொலைபேசி ஒலிக்கலாமென்ற அச்சத்தில் அவர் எந்த வேலையையும் நம்பி ஏற்கமுடியாது. கூலிக்குப் போனவர் பாதி நாளில் திரும்பவேண்டும்; கணவனைப் போரிலோ கடலிலோ பறிகொடுத்தவராயின், அந்தப் பாதி நாட் கூலியே வீட்டின் அன்றைய உலை. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதற்குச் செலவில்லை என்று பாடசாலை எண்ணுகின்றது. செலவு உண்டு, அதைக் கட்டுபவர் வேறு என்பதே உண்மை.

ஆகவே, வட மாகாணக் கல்வி அமைச்சையும் கல்வித் திணைக்களத்தையும், யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களின் பணிப்பாளர்களையும் நோக்கி நாம் விடுக்கும் கோரிக்கை மிகச் சிறியது, ஆனால் உறுதியானது.

முதலாவது: நடத்தையைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளையையும் எழுத்து இன்றி வீட்டுக்கு அனுப்பலாகாது. தவிர்க்கமுடியாத ஆபத்து வேளையில் அனுப்ப நேர்ந்தால், நாள், நேரம், நடந்தது, அதற்குமுன் பாடசாலை செய்த முயற்சி, பிள்ளை மீண்டும் வரவேண்டிய நாள் என்பனவற்றை எழுதி அதிபர் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைப் பெற்றாருக்கும் ஒரு பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுக்கவேண்டும். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் அது பதியப்படவேண்டும்.

இரண்டாவது: அரைநாட் பாடசாலை, இருநாட் பாடசாலை என்ற ஏற்பாடு பிள்ளையின் நன்மைக்கென்றே செய்யப்படுமாயின், அது எழுத்திலமைந்த திட்டமாகவும், முடிவுத் தேதி உடையதாகவும் இருக்கவேண்டும். முடிவில்லாத அரைநாள், முழு விலக்கலின் மறுபெயர்.

மூன்றாவது: பாடசாலையால் நிறுத்தப்பட்ட பிள்ளையை, வராத பிள்ளையென்று வரவுப் பதிவேட்டிற் குறிக்கும் பொய் ஒழியவேண்டும். "பாடசாலையால் அனுப்பப்பட்டார்" என்று தனிக் குறியீடு வகுத்து, தவணைதோறும் கணக்கை வெளியிடவேண்டும். நோயின் கணக்கு இல்லாமல் மருந்து அனுப்ப யாரால் முடியும்? எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடசாலைகள் என்பது தெரிந்தால் அன்றோ, எத்தனை விசேட கல்வி ஆசிரியர்கள், எத்தனை உதவியாளர்கள் வேண்டுமென்று கொழும்பிடம் கேட்கமுடியும்! இந்தக் கணக்கு ஆசிரியருக்கு எதிரான ஆயுதம் அன்று. ஆசிரியரின் கைக்கே உதவும் ஆயுதம்.

நான்காவது: கோப்பாயிலே பயிற்சி பெற்று வெளியேறும் ஒவ்வொரு ஆசிரியரும், இத்தகைய பிள்ளை வகுப்பில் அமர்ந்தால் முதல் வாரத்தில் என்ன செய்யவேண்டும் என்பதையேனும் அறிந்து வெளியேறவேண்டும். ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கு யாழ் போதனா வைத்தியசாலையின் உளநல, குழந்தைநல மருத்துவர்களின் துணையோடு வலயந்தோறும் பயிற்சி நடத்தவேண்டும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இயங்கும் எம் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். பாடசாலை வாயிலில் அலங்கார வளைவு எழுப்பினீர்கள். மைதானத்துக்குப் புள்ளிப்பலகை அனுப்பினீர்கள். நூற்றாண்டு மலர் வெளியிட்டீர்கள். நன்று. அந்த வளைவின் கீழாகவே ஒரு பிள்ளை வெளியே அனுப்பப்படுகின்றதென்றால், வளைவுக்கு அழகேது? அடுத்த முறை பணம் அனுப்புமுன், "எங்கள் பாடசாலையில் இருந்து திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டு எழுதுங்கள். ஓர் உதவி ஆசிரியைக்கு ஓராண்டுச் சம்பளம், ஒரு வளைவின் விலையிலும் குறைவு. உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு இதே நிலை இருந்தால், அந்த நாட்டுப் பாடசாலை அவருக்கு எவ்வளவு செய்கின்றது என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஈற்றில் பெற்றாருக்கு: நாணவேண்டாம், அஞ்சவேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்படி அடுத்த முறை சொன்னால், சண்டையிடாது, குரலை உயர்த்தாது, ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். "ஐயா, இதை எழுத்தில் தாருங்கள்." தந்தால், அது உங்கள் கையில் ஒரு சான்று, அதனோடு வலயப் பணிப்பாளரிடம் செல்லலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குச் செல்லலாம். தர மறுத்தால், அன்றைய நாளையும் நேரத்தையும் சொல்லப்பட்ட சொல்லையும் நீங்களே எழுதி, பதிவுத் தபாலில் அதிபருக்கும் வலயத்துக்கும் அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் முறைப்பாடு. ஐம்பது பேர் எழுதினால் அது கணக்கு. ஐந்நூறு பேர் எழுதினால் அதை எந்த அமைச்சும் மேசைக்குள் பூட்டிவைக்க முடியாது.

எழுத்தறிவிப்பதற்கென எழுந்த பாடசாலை, தான் செய்வதை எழுதுவதற்கு அஞ்சலாமா? அஞ்சுகின்றதென்றால், செய்வது தவறென்பது அதற்கே தெரிந்திருக்கின்றது. எழுதத் துணியாத செயலைச் செய்யாது விடுக! அல்லது, செய்வதை எழுதுக! இவ்விரண்டில் ஒன்றை ஐந்து வலயங்களும் அடுத்த தவணை தொடங்குமுன் தெரிந்துகொள்ளட்டும். பதிவேட்டிற் பெயர் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பறையில் ஒரு கதிரை இருக்கவேண்டும் என்பதற்கு மேலாக நாம் எதையும் கேட்கவில்லை.